தொட்டியில் எருக்கு வளர்ப்பு: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்மாய்க் கரையில் கவனிப்பாரில்லாமல் ஆள் உயரம் நிற்கிற எருக்கு, மாடிக்கு வந்ததும் மூன்றே மாதத்தில் ஏன் செத்துப்போகிறது? எங்களிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் 6, 12 இரண்டை மட்டுமாவது படித்துவிட்டுச் செடியில் கை வையுங்கள்.

1. வீட்ல எருக்கு வளர்க்கலாமாங்க? "உன் வீட்ல எருக்கு முளைக்க"ன்னு திட்டுவாங்களே?

வளர்க்கலாம். ஆள் இல்லாமல் இடிந்து கிடக்கும் வீட்டில், சுண்ணாம்புக் காரையும் செங்கல் பொடியும் சேர்ந்த மேட்டில் எருக்கு தானாக வரும். பிடுங்கிப் போட ஆள் இல்லாததால் மரம் மாதிரி நிற்கும். திட்டு அதை வைத்து வந்தது. அதே வாயால் வெள்ளெருக்கை வாசலில் வைத்துக் கும்பிடுகிறவர்களும் நாம்தான்.

பயப்பட வேண்டிய விஷயம் வேறு: இதன் பால். வீட்டில் தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கிற நாய்க்குட்டியோ இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்து வளர்த்துக்கொள்ளலாம்.

2. வெள்ளெருக்குன்னு காசு குடுத்து வாங்குனேன். பூத்தா ஊதாவா வருது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்கலாம், விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். வெள்ளெருக்கும் ஊதாப் பூ எருக்கும் ஒரே இனத்தின் இரண்டு நிறங்கள். வெள்ளைப் பூச் செடியின் விதையைப் போட்டாலும் சில கன்றுகள் ஊதாவாகவே வரும். கன்றாக இருக்கும்போது இலையைப் பார்த்து நிறத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

வெள்ளைதான் வேண்டும் என்றால் இரண்டு வழி: பூத்து நிற்கும் செடியை வாங்குங்கள், அல்லது பூவைக் கண்ணால் பார்த்த செடியிலிருந்து குச்சி வெட்டி வையுங்கள். இதழும் நடுவில் இருக்கும் கிரீடமும் வெளுப்பாக இருக்க வேண்டும். இதழ்கள் விரியாமல் கிண்ணம் போல நிமிர்ந்து, நுனியில் மட்டும் ஊதாத் தீற்றல் இருந்தால் அது எருக்கில் இன்னோர் இனம். வளர்ப்பு முறை ஒன்றுதான்.

3. நர்சரில 'மில்க்வீட்'னு சிவப்பும் மஞ்சளுமா பூக்குற சின்னச் செடி குடுத்தாங்க. அதுவும் எருக்குதானா?

குடும்பம் ஒன்று, செடி வேறு. அது அமெரிக்க வெப்பப் பகுதியிலிருந்து வந்த அஸ்கிளிப்பியாஸ் குராசவிகா. இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது, 10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும், விதை போட்ட நான்கைந்து மாதத்தில் பூத்துவிடும். எருக்கைவிடத் தண்ணீர் அதிகம் கேட்கும். கோடையில் தினமும் ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் மதிய வெயிலுக்கு நிழல்வலை போட்டால் நல்லது. இந்த வித்தியாசங்களைத் தவிரப் பூச்சி, பால், புழு பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

இதைப் பற்றிய ஆங்கில வீடியோக்களில் விதையை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். குளிர்காலத்துக்கு முன் அடியோடு வெட்டச் சொல்வார்கள். முதலாவது குளிர் தேசத்து மில்க்வீட் இனங்களுக்கானது. இரண்டாவது அங்கே வலசை போகும் மொனார்க் பட்டாம்பூச்சியை மனத்தில் வைத்துச் சொல்வது. மதுரையில் இரண்டும் தேவையில்லை.

4. ரோட்டோரத்துச் செடியப் பிடுங்கி வச்சா பிழைக்கவே மாட்டேங்குது. ஏன்?

எருக்குக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். முழங்கால் உயரச் செடியைப் பிடுங்கினாலே வேர் பாதியில் அறுந்துவிடும். அறுந்த வேரை ஈர மண்ணில் வைத்துத் தினமும் தண்ணீர் விட்டால் அழுகும். நான்கு இலைக்குள் இருக்கும் நாற்றை, அடிமண்ணோடு ஆழமாகத் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மற்றபடி குச்சியோ விதையோதான்.

குச்சி என்றால் கட்டைவிரல் பருமனில், முற்றிய கிளையில், முக்கால் அடி முதல் ஓரடி நீளம் வெட்டுங்கள். நுனியில் இரண்டு சிறிய இலை இருந்தால் போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, நிழலில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பால் காய்ந்த பிறகு நடுங்கள். பச்சையாக நட்டால் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வரும். குச்சி சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பாதி மணலும் பாதி செம்மண்ணும் கலந்த சிறிய பையில் மூன்றில் ஒரு பங்கு புதையும்படி நட்டு, வெளிச்சமான நிழலில் வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை லேசாக நனைத்தால் போதும். வேர் பிடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். தளிர் வந்ததைப் பார்த்து ஆசையில் இழுத்துப் பார்க்காதீர்கள். குச்சிக்குள் இருக்கும் சத்திலேயே முதல் தளிர் வந்துவிடும், வேர் அதற்குப் பிறகுதான்.

விதை என்றால், காய் பழுத்து வெடிக்கிற நேரத்தில் எடுத்துப் பஞ்சை நீக்கி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவுங்கள். புது விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

5. எந்தத் தொட்டி, என்ன மண்? கோகோபீட் மட்டும் போதுமா?

கோகோபீட் மட்டும் போட்டால் எருக்கு நிச்சயம் போய்விடும். அது ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கான சரக்கு. எருக்குக்கு வேண்டியது ஈரத்தை விட்டுத் தரும் மண். செம்மண் 2 பங்கு, எம்-சாண்ட் அல்லது ஆற்றுமணல் 1 பங்கு, பட்டாணி அளவு செங்கல் துண்டு 1 பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு அரைப் பங்கு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்தான் கிடைக்கும் என்றால் மணலை இரட்டிப்பாக்குங்கள். எம்-சாண்டில் மாவு மாதிரித் தூள் நிறைய இருக்கும். ஒரு தடவை அலசிவிட்டுக் கலக்காவிட்டால் மண் சிமென்ட் போல இறுகும்.

தொட்டியின் அகலத்தைவிட ஆழம் முக்கியம். 15 அங்குல ஆழத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் அரை அங்குல ஓட்டை ஐந்தாறு போட்டால் பல வருடத்துக்குக் கவலை இல்லை. ஓட்டைமேல் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மண்ணை நிரப்புங்கள். தொட்டியை மூன்று செங்கல்மேல் தூக்கி வையுங்கள், தட்டு வைக்காதீர்கள்.

மாடிக்காரர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். 60 லிட்டர் மண் நனைந்தால் 100 கிலோ வரும். அதனால் நடு மாடியில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ போகிற ஓரத்தில் வையுங்கள். நிரப்புவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்துவிடுங்கள், பிறகு நகர்த்த முடியாது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு செடி பாருங்கள்.

6. தண்ணி தினமும் ஊத்தணுமா?

வேண்டாம். தொட்டி எருக்கு சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான், தாகத்தால் அல்ல. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் தண்ணீர் வரும் வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். தினம் ஒரு சொம்பு தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கும். வேர் ஆழமாகப் போகாமல் மேலேயே நின்றுவிடும். வேர் பிடித்த செடிக்குப் பங்குனியிலிருந்து ஆனி வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மற்ற நாளில் வாரம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்கியிருப்பதைப் பார்த்து உடனே வாளியைத் தூக்க வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாருங்கள். நிமிர்ந்துவிட்டால் அது வெயிலைச் சமாளிக்கச் செடி செய்யும் வேலை. காலையிலும் தொங்கியிருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தண்ணீர் கேட்கிறது. மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகல். அடி ஓட்டையில் முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை வரும். அந்த நிலையில் செடியை எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டி, புது மண்ணில் வைத்து, கிளைகளைப் பாதியாகக் குறைத்து, ஐந்து நாள் தண்ணீர் விடாமல் நிழலில் வையுங்கள். தண்டின் அடியே மெத்தென்று ஆகிவிட்டிருந்தால் மேலே நல்ல கிளையில் குச்சி வெட்டி 4ஆம் கேள்வியில் சொன்னபடி நடுவதுதான் மிச்சம்.

7. எங்க போர் தண்ணி ஒரே உப்பு. ஆர்.ஓ. மிஷின்ல கழியுற தண்ணியும் அதுலதான் ஊத்துறேன். தாங்குமா?

ரோஜா தாங்காத உப்பை எருக்கு தாங்கும். ஆனால் தரையில் மழை உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். தொட்டியில் அது சேர்ந்துகொண்டே வரும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கும், இலை ஓரத்தில் பழுப்புக் கருகலும் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மாதம் ஒருமுறை மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரோ ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரோ இரண்டு வாளி ஊற்றி அடியில் ஓடவிட்டால் சரியாகும். ஆர்.ஓ. கழிவை மட்டுமே எப்போதும் ஊற்றாதீர்கள்.

8. இலை, தண்டெல்லாம் வெள்ளையா மாவு பூசுன மாதிரி இருக்கு. என்ன மருந்து அடிக்கணும்?

எதுவும் அடிக்க வேண்டாம், எருக்கு இலையே அப்படித்தான். தண்ணீர் ஆவியாகாமல் காக்கிற பூச்சு அது. துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினால் செடிக்குத்தான் நட்டம்.

மாவுப்பூச்சி வேறு விதமாகத் தெரியும். பஞ்சுக் கட்டிகளாக, இலைக்கணுவிலும் மொட்டுக் காம்பிலும் ஒட்டியிருக்கும்; நசுக்கினால் பிசுபிசுக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தொட்டு எடுத்துவிடுங்கள்.

9. தளிர்லயும் மொட்டுலயும் மஞ்சளா பொடிப்பொடிப் பூச்சி அப்பிக் கிடக்கு.

அசுவினி. எருக்கிலும் அரளியிலும் வருவது பளீர் மஞ்சள் உடம்பும் கறுத்த காலும் உள்ள வகை. பக்கத்தில் அரளித் தொட்டி இருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள், அங்கிருந்து திரும்பத் திரும்ப வரும். கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடலாம். தளிர் சுருளும் அளவுக்கு வந்தால் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும் சாயங்காலம் தெளித்து, அடுத்த நாள் வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கூர்ந்து பாருங்கள்: மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே சில பூச்சிகள் பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்கிறது. முதுகில் சிறிய வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியே வந்துவிட்டது. பழுப்பு உருண்டைகள் பாதிக்கு மேல் இருந்தால் சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

10. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமா வரி போட்ட புழு மொத்த இலையும் தின்னுடுச்சு. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எருக்கும் அதன் உறவுச் செடிகளும்தான் அதற்குச் சாப்பாடு. இரண்டு வாரம் போலத் தின்னும், பிறகு கூட்டுப்புழுவாகத் தொங்கும், அதிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பட்டாம்பூச்சி. மொட்டையான எருக்கு மூன்று நான்கு வாரத்தில் மறுபடி தளிர்க்கும். ஆணிவேரில் சேமிப்பு இருப்பதால் ஒரு மொட்டை அதற்கு ஒன்றுமே இல்லை.

கன்று சிறிதாக, பத்துப் பதினைந்து இலைதான் என்றால் கணக்கு மாறும். இரண்டு மூன்று புழுவை விட்டுவிட்டு மற்றவற்றை, அவை இருக்கும் இலையோடு கிள்ளி, வெளியே ஒரு எருக்கில் வைத்துவிடுங்கள். கையால் பிய்த்து எடுக்க வேண்டாம், கால்களால் இலையை அழுத்திப் பிடித்திருக்கும்.

எங்கள் யோசனை, இடம் இருந்தால் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று மொட்டையாக இருக்கும்போது இன்னொன்று பூக்கும். ஓரத்தில் தேள்கொடுக்கோ கிலுகிலுப்பையோ முளைத்தால் பிடுங்காதீர்கள். காய்ந்த தேள்கொடுக்கில் ஆண் பட்டாம்பூச்சிகள் வந்து மொய்க்கும். பெண்ணைக் கவரும் வாசனைக்கான மூலப்பொருள் அவற்றுக்கு அங்கிருந்துதான் கிடைக்கிறது.

மஞ்சளும் நீலமுமாக வண்ண வெட்டுக்கிளி வந்தால் மட்டும் இரக்கம் வேண்டாம். மழைக்குப் பிறகு குஞ்சுகள் கூட்டமாக வரும், தளிரோடு பட்டையையும் சுரண்டும். வெயில் ஏறுவதற்கு முன் மந்தமாக இருக்கும்போது பிடித்து அப்புறப்படுத்துங்கள். சீண்டினால் எரிச்சலூட்டும் திரவத்தைப் பீய்ச்சும், ஆகவே கையுறை போடுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

11. நல்ல இலை திடீர்னு ஒடிஞ்சு தொங்குது. ஆனா புழு இருந்தாத்தானே கடிக்கும், ஒண்ணையும் காணோம்?

இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்புக்குப் பக்கத்தில் நடுநரம்பில் ஒரு கடிவாய் இருந்தால் வேலை வளர்ந்த வரியன் புழுவுடையது. பால் வருகிற குழாயை முதலில் அறுத்துவிட்டு, பால் வற்றிய இலையை நிதானமாகத் தின்னும். சின்னப் புழு இலைக்கு நடுவே பிறை மாதிரி ஒரு கோடு கடித்துவிட்டு அதற்குள் தின்னும். புழு பக்கத்து இலையின் அடியிலோ தொட்டி விளிம்பிலோ இருக்கும்.

புழு கறுத்துச் செத்துக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டியது மருந்தை. நர்சரியில் வேர்வழியாக ஏறும் பூச்சிமருந்து கொடுத்திருந்தால் அது இலைக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போகாது. புதிதாக வாங்கிய செடியைப் பாதியாக வெட்டிவிட்டு, புது இலை வந்து முற்றிய பிறகு பட்டாம்பூச்சிக்கு விடுவது நல்லது. அதுவரை கொசுவலையால் மூடி வையுங்கள்.

12. பால் கையில பட்டுடுச்சு, ஒண்ணும் செய்யல. கண்ணுல பட்டா மட்டும் ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க?

கண்ணில் பட்டால் முதலில் பெரிதாக வலிக்காது என்பதுதான் ஆபத்தே. எரிச்சல் இல்லையே என்று விட்டுவிடுவார்கள். சில மணி நேரத்தில் பார்வை மங்கி, வெளிச்சம் பார்த்தால் கூசும். பால் கருவிழியை ஊடுருவி அதன் உள்படலத்தைக் கெடுப்பதால் வருவது இது.

பட்ட உடனே, ஓடும் சுத்தமான தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துப் பதினைந்து இருபது நிமிடம் கழுவுங்கள். கசக்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், எருக்கம்பால் என்று சொல்லுங்கள். மதுரைக்காரர்களுக்குச் சாக்கு கிடையாது. அண்ணா நகரில் அரவிந்த் இருக்கிறது, அரசு ராசாசி மருத்துவமனை இருக்கிறது.

வெட்டும்போதும் பூப் பறிக்கும்போதும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். தலைக்கு மேல் இருக்கும் கிளையை அண்ணாந்து வெட்டாதீர்கள், சொட்டுவது நேராகக் கண்ணில்தான். முள் எடுக்கப் பால் வைப்பது நம் ஊர் வழக்கம்தான், ஆனாலும் தோல் வெந்துபோகிறவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். இலை, பூ, பால் எதையும் சொந்த வைத்தியமாக உள்ளே சாப்பிடாதீர்கள், இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அதில் இருக்கிறது.

13. செடி தளதளன்னு இருக்கு, ஒரு பூ வைக்கல.

வெயில் போதவில்லை, அல்லது உரம் அதிகம். தழைச்சத்து கூடினால் இலை தட்டு அகலம் வரும், மொட்டு வராது, அசுவினி தேடி வரும். ஆடியிலும் தையிலும் இரண்டு கைப்பிடி மக்கிய எரு போதும். யூரியாவும் வாராவாரம் கடலைப்புண்ணாக்குக் கரைசலும் எருக்குக்கு வேண்டாம். விதைக் கன்று பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான் பூக்கும். குச்சிச் செடி அதற்கு முன்பே பூக்கும்.

14. பிள்ளையார் சதுர்த்திக்கு நம்ம செடிப் பூவையே கட்டணும். எப்ப வெட்டிவிடணும்?

ஆனி முதல் வாரத்தில். வெட்டியதிலிருந்து புதுக் கிளை வந்து கொத்து வைக்க இரண்டிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும், ஆவணிக்குச் சரியாக வரும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் அப்புங்கள். குட்டையாக இருந்தால் ஆடிக் காற்றில் ஒடியாது என்பது இன்னொரு லாபம். எருக்கங்கிளை பார்க்கத்தான் தடி, உள்ளே மெத்து. வெட்டிய தழையை ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்டாதீர்கள்.

பண்டிகைக்கு ஐந்தாறு நாள் முன்பு முழுதாக உப்பிய மொட்டுகள் கொத்தில் நிறைய இருந்தால் கணக்குச் சரி. மாலைக்கு ஒரு செடி பத்தாது என்றால் இருக்கவே இருக்கிறது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்.

15. பூ நிறைய வருது, காயே பிடிக்கல. பக்கத்துத் தெருச் செடியில காய் வெடிச்சுப் பஞ்சாப் பறக்குது.

எருக்கின் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு சிறிய பைகளாக, ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். கருவண்டு மாதிரிப் பெரிய வண்டின் காலில் அது சிக்கி, இன்னொரு பூவின் பிளவுக்குள் சரியாகச் செருகினால்தான் காய். பெரும்பாலும் வேறு செடியின் மகரந்தம் வேண்டும். உங்கள் செடியிலிருந்தே எடுத்த குச்சி வேறு செடி ஆகாது.

காய் பிடிக்காததை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தால், பழுப்பாகும் முன் பழைய வேட்டித் துணியில் முடிந்து கட்டிவிடுங்கள். பறந்த விதை கைப்பிடிச்சுவர் விரிசலில் முளைக்கும். அந்த நாற்றை நான்கு இலையிலேயே பிடுங்காவிட்டால் வேர் சுவரைப் பிளக்கும், 1ஆம் கேள்வியில் கேட்ட திட்டு பலித்த கதையாகிவிடும்.

16. எத்தன வருசம் கழிச்சு வேர்ல பிள்ளையார் வரும்?

தொட்டியில் எதிர்பார்க்காதீர்கள். கடையில் விற்பது முதிர்ந்த வேரில் கையால் செதுக்கியது. தொட்டி வேர் சுற்றிச் சுற்றிக் கயிறாக வளரும், செதுக்கும் அளவுக்குத் தடிக்காது.

17. நாலு வருசமாச்சு. இலை சின்னதாயிட்டே வருது, தண்ணி ஊத்துனா உடனே அடியில ஓடிடுது. தொட்டி மாத்தணுமா?

மண்ணைவிட வேர் அதிகமாகிவிட்டது. இன்னும் பெரிய தொட்டி வாங்குவதைவிட வேரைக் குறைப்பது எளிது. தை மாதம், மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன், முதலில் கிளைகளை இரண்டடிக்கு வெட்டுங்கள். ஒரு வாரம் தண்ணீர் விடாமல் மண்ணைக் காயவிட்டால் தொட்டியிலிருந்து சுலபமாகக் கழன்று வரும். வெளிச்சுற்றில் இரண்டு அங்குலமும் அடியில் நான்கு அங்குலமும் வேரை அரிவாளால் சீவி, அறுந்த வேரில் பால் காயும் வரை ஒரு நாள் நிழலில் வைத்து, 5இல் சொன்ன கலவையைப் புதிதாகப் போட்டு நடுங்கள். முதல் தண்ணீர் ஐந்தாம் நாள். அந்த ஒரு மாதத்தில் பழைய இலை எல்லாம் மஞ்சளாகி விழும். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், அடியில் பச்சையும் பாலும் இருக்கும் வரை பிழைத்துக்கொள்ளும்.